காட்டுமாடு மேயும் சரிவில் குழுவை நடத்திச் செல்வது

1972 வனஉயிரினச் சட்டத்துக்குப் பின் நீலகிரியில் காட்டுமாட்டு வேட்டைக்கு இடமில்லை. பார்க்கப் போகவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

ஆறு பேர் போதும். முன்னால் பாதை தெரிந்த உள்ளூர்க்காரர், கடைசியில் நிதானமானவர். நாய் வேண்டாம்.

மூடுபனிதான் பெரிய ஆபத்து. புதர்த் திருப்பத்தில் திடீரென எதிர்ப்பட்டால் மாடு மிரண்டு பாயும். அதனால் பனி இறங்கியதும் மெல்லப் பேசிக்கொண்டே நடங்கள். பத்தடிகூடத் தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள்.

வெட்டவெளியில் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். சீறினாலோ, தலை தாழ்த்திப் பக்கவாட்டில் உடலைக் காட்டினாலோ அது எச்சரிக்கை. ஓடாமல், ஒன்றாகப் பின்வாங்குங்கள். படமெடுக்க இருபுறமும் பிரிந்து சூழ்வது பெருந்தவறு: மாட்டுக்குத் தப்பும் வழி அடைபடும். தனித்த காளையென்றால் இன்னும் விலகுங்கள்.