குழந்தைங்களோட முதல் கேம்பிங்: மேல போர்த்துறதுக்கு முன்னாடி கீழ என்ன விரிச்சீங்க?

போன ஜனவரில ஏலகிரில நாங்க டென்ட் போட்டிருந்தப்ப பக்கத்துல ஒரு சின்ன குடும்பம் வந்து இறங்குச்சு, மூணு வயசுல பையன், ஆறு வயசுல பொண்ணு. அந்த அப்பா பம்ப் வச்சு காத்து மெத்தையை அடிச்சுக்கிட்டு இருக்காரு, அம்மா மேல போர்த்த நாலு கம்பளி எடுத்து அடுக்கி வச்சிருக்காங்க. பார்த்ததும் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு, ஏன்னா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாங்களும் அச்சு அசலா இதேதான் பண்ணோம்.

டார்ச் மறக்காதீங்க, தண்ணி மறக்காதீங்கன்னு நான் எழுதப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். பசங்களோட முதல் தடவை போறப்ப பண்ற தப்புகளை மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

காத்து மெத்தையை நம்பி குழந்தையைப் படுக்க வைக்கிறது

எங்க முதல் கேம்பிங் கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறை பக்கம், தெரிஞ்சவங்க தோட்டத்துல. டிசம்பர் கடைசி. பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு ரெண்டரை. ரெண்டு பேர் படுக்கிற காத்து மெத்தை, நல்ல கம்பளி, குல்லா, ஸ்வெட்டர்னு கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் செலவு பண்ணிருந்தோம். ராத்திரி ஒன்பதுக்கு பசங்க தூங்கியாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு நாங்களும் படுத்தாச்சு. ஒன்றரை மணிக்கு சின்னவ முனக ஆரம்பிச்சா. நெத்தில கை வச்சா கதகதன்னு இருக்கு, மேல மூணு கம்பளி இருக்கு, அப்புறம் என்னன்னு அவ முதுகுக்கு அடியில கையை விட்டேன் பாருங்க, மெத்தை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி சில்லுனு இருக்கு, பனியன் ஈரமாயிருக்கு, முதுகு ஐஸ். அந்த முதுகை இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு மனசு ஆறல. ரெண்டு மணிக்கு டென்டை அப்படியே விட்டுட்டு கார்ல ஹீட்டர் போட்டு அவளை என் நெஞ்சோட அணைச்சு உக்காந்திருந்தேன், விடிஞ்சதும் டவுன்ல ரூம், அடுத்த பத்து நாள் வீசிங், நெபுலைசர்.

அப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. நம்ம உடம்புச் சூட்டை அதிகமா உறிஞ்சுறது மேல இருக்கிற காத்து இல்ல, கீழ இருக்கிற தரை. காத்து மெத்தைக்குள்ள இருக்கிற காத்து ஒரே இடத்துல நிக்காது, கீழ தரையில பட்டு குளிரும், மேல உடம்புல பட்டு சூடாகும், இப்படியே சுத்திச் சுத்தி ராத்திரி பூரா சூட்டை எடுத்து மண்ணுக்குக் கொடுத்துட்டே இருக்கும். கம்பளியோ ஸ்லீப்பிங் பேகோ உடம்புக்கு அடியில மாட்டினா அமுங்கிடும், அமுங்கினா அதுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது. சின்னப் பசங்களுக்கு உடம்பு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு ஜாஸ்திங்கறதால நம்மளை விட சீக்கிரம் குளிர்ந்துடுவாங்க, அதுவும் தூக்கத்துல இருக்கிற ரெண்டரை வயசுக்கு முதுகு குளிருதுன்னு சொல்லத் தெரியாது.

இப்போ நாங்க செய்றது: முதல்ல தார்ப்பாய், அது டென்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, நீட்டினா மழைத்தண்ணியை வாங்கி டென்டுக்கு அடியிலயே கொண்டு வந்து விடும். அதுமேல டென்ட். உள்ள, வீட்டுல பசங்க விளையாட போட்டிருக்கிற ஏபிசிடி ஃபோம் மேட் இருக்கு பாருங்க, ஒண்ணோட ஒண்ணு கோக்கிறது, அதையே கழட்டி எடுத்துட்டுப் போயிடுவோம். அதுக்கு மேல தடியான ஜமக்காளம், அதுக்கு மேல ஒரு கம்பளி, அப்புறம்தான் பசங்க. ஃபோம் மேட் இல்லையா, மளிகைக் கடையில அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி பிரிச்சு ரெண்டு அடுக்கு போடுங்க, நிஜமாவே வேலை செய்யுது. காத்து மெத்தை வேணும்னா அதுக்கு மேலயும் ஃபோம் போடணும். என் கணக்கு, மேல ஒண்ணு போர்த்தினா கீழ ரெண்டு விரிக்கணும். இன்னொண்ணு, பகல்ல ஓடி ஆடி வேர்த்த பனியனோட சாக்ஸோட படுக்க வைக்காதீங்க, தூங்கப் போறப்ப எல்லாம் காஞ்சதா மாத்துங்க. குளிரை செக் பண்றதுக்கு நெத்தி வேண்டாம், முதுகைத் தொட்டுப் பாருங்க.

ஏலகிரில அந்தம்மாகிட்ட போய் சொன்னேன். முதல்ல கொஞ்சம் சங்கடப்பட்டாங்க, அப்புறம் எங்ககிட்ட மிச்சமிருந்த மேட் ஆறு துண்டை வாங்கி விரிச்சாங்க. காலையில அந்தப் பையன் எங்க டென்ட் வாசல்ல வந்து நின்னு ரஸ்க் கேட்டான்.

குளிருதுன்னு டென்டுக்குள்ள கரி அடுப்பு

கூடவே கூடாது. அணைஞ்ச மாதிரி தெரியற கரியும் கார்பன் மோனாக்ஸைடுங்கிற விஷ வாயுவை விட்டுக்கிட்டுதான் இருக்கும், வாசனையே வராது. 2024ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள்ள வச்சிட்டுத் தூங்கினவங்க எழுந்திரிக்கவே இல்ல.

முதல் தடவையே உயரமா போறது

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர், ஏலகிரி அதுல பாதிதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும், அப்போ வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. ஏலகிரிக்கு பதினாலு ஹேர்பின் வளைவுதான், ஏதாவது ஆச்சுன்னா சீக்கிரம் கீழ இறங்கிடலாம், திருப்பத்தூர் பக்கத்துலயே இருக்கு. ஒரே ஒரு ராத்திரி மட்டும் பிளான் பண்ணுங்க.

டென்டை அங்க போய்தான் முதல்ல பிரிக்கிறது

ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடில போட்டுப் படுங்க. ஜிப் சிக்குறது, பசங்க இருட்டுல பயப்படுறது, நடுராத்திரி பாத்ரூம் கேக்குறது எல்லாம் அங்கயே தெரிஞ்சிடும். குளிருதுன்னு ஜன்னலை எல்லாம் மூடிட்டா நாம விடுற மூச்சே தண்ணியாகி விடியக்காலைல மேல சொட்டும், அதையும் மாடில பழகிக்கலாம்.

இருட்டினப்புறம் போய்ச் சேர்றது

நாலு மணிக்குள்ள இடத்துல இருக்கணும்.

இடம் அழகா இருக்குன்னு கண்ட இடத்துல டென்ட் போடுறது

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தங்குறது குற்றம், அதைவிட பெரிய விஷயம் ஆபத்து. தேனி மாவட்டம் குரங்கணில 2018 மார்ச்ல காட்டுத்தீயில 23 பேர் இறந்து போனாங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் காஞ்ச புல் இருக்கிற சரிவுப் பக்கமே பசங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. தனியார் இடம்னாலும் டென்டுக்கு அங்க அனுமதி இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஊட்டி, கொடைக்கானல் போறதுக்கு 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வேற இருக்கு.

குக்கர் இல்லாம பருப்பு

சீக்கிரம் வேகாது. கொடைக்கானல் உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும். முதல் ராத்திரிக்கு புளியோதரையோ, பொடி தடவின இட்லியோ கட்டிட்டுப் போங்க.

தலைமாட்டுல பிஸ்கட் பாக்கெட்

எல்லாம் கார்ல. பன்னி வரும், குரங்கு வரும்.

வீட்டுக்கு வந்தா முடிஞ்சுதுன்னு நினைக்கிறது

வந்ததும் பசங்களைக் குளிக்க வைக்கிறப்ப அக்குள், இடுப்பு, காது பின்னாடி எல்லாம் நல்லா பாருங்க. புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடிச்சு ஸ்க்ரப் டைபஸ்ங்கிற காய்ச்சல் வருது, நம்ம ஊர்ல மழை, பனிக் காலத்துல இது நிறைய. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால குழந்தை சொல்லாது. காய்ச்சல் அன்னிக்கே வராது, பத்துப் பன்னெண்டு நாள், சில சமயம் மூணு வாரம் கழிச்சுக்கூட வரும், அதுக்குள்ள நாம கேம்பிங் போனதையே மறந்திருப்போம். டாக்டர்கிட்ட போனா முதல் வார்த்தையா "புதர்ல விளையாடினான்"னு சொல்லுங்க, ஆரம்பத்துலயே தெரிஞ்சா மாத்திரையிலயே சரியாயிடும்.