எழில் சாலைத் திட்டம்: அரசுகள் சறுக்கும் இடங்கள்

இயற்கைக் காட்சிக்காக ஒரு சாலையை எழில் சாலை என்று அறிவிக்க ஓர் ஆணையும் நாலு பலகையும் போதும். இருபது ஆண்டு கழித்து அந்த வழியே போகிறவருக்கும் அதே மலையும் கடலும் மறைவில்லாமல் தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு வகையான உழைப்பு தேவை. அமெரிக்க மாநிலங்கள் பலவும் 1960-களிலிருந்து இத்தகைய திட்டங்களை நடத்திவருகின்றன. அவற்றைப் பார்த்தால் எந்தெந்த இடத்தில் கால் வழுக்குகிறது என்பது நன்றாகவே புரிகிறது.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, அழகு சாலையில் இருக்கிறது என்று நினைப்பது. நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானது தார்ப்பரப்பும் இருபுறமும் கொஞ்சம் மண்ணும்தான். பயணி பார்க்க வருவதோ அதற்கு அப்பால் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தை, காட்டை, பாறைச் சரிவை. அவை பிறருடைய நிலம். அங்கே நாளை ஒரு கிடங்கு எழுந்தால் நெடுஞ்சாலைத் துறையால் தடுக்க முடியாது. நிலத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைச் சேர்க்காமல் அறிவிக்கும் சாலைக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும்.

கலிபோர்னியா 1963-இல் சட்டம் இயற்றியபோதே இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. எந்தெந்தச் சாலைகளுக்குத் தகுதி உண்டு என்ற பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பட்டியலில் இடம்பெற்றதாலேயே சாலை எழில் சாலையாகிவிடாது. அந்தப் பகுதியின் கவுண்டியோ (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) நகராட்சியோ, சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் நிலம் முழுவதற்கும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலப் பயன்பாடும் கட்டட அடர்த்தியும், மனைகளின் அமைப்பு, விளம்பரப் பலகைகள், மண் வெட்டுவதும் நிரப்புவதும், கட்டடங்களின் தோற்றம் ஆகிய ஐந்துக்கும் அதில் விதிகள் இருந்தாக வேண்டும். பிறகுதான் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ், பாப்பி மலர் வரைந்த பலகையை நடுகிறது. தகுதிப் பட்டியலில் இருந்தும் இந்த நிபந்தனையைக் கடக்காமல் பல சாலைகள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. அதைத் திட்டத்தின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. பாதுகாப்பு இல்லாத இடத்தில் பலகை இல்லை என்பது நேர்மை.

கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரை வழியே செல்லும் நெடுஞ்சாலை 1 இந்தத் திட்டத்தின் தொடக்ககாலச் சாலைகளில் ஒன்று. அங்கே மான்டரே கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போனது. 1986-இல் நடைமுறைக்கு வந்த அதன் நிலப் பயன்பாட்டுத் திட்டப்படி, சில குடியிருப்பு மையங்களைப் போன்ற விலக்குகள் தவிர, நெடுஞ்சாலையிலிருந்து தெரியும்படி புதிய கட்டடம் எதுவும் எழக் கூடாது. கேட்பதற்குக் கடுமையான விதிதான். ஆனால் மனை முழுவதும் அந்தப் பார்வைப் பரப்புக்குள் அகப்பட்டவரைக் கவுண்டி கைவிட்டுவிடவில்லை. அவர் இழந்த கட்டும் உரிமையை வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்தது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஊர் முழுவதும் ரசிப்பதற்கான விலையை ஒரு நில உரிமையாளர் தலையில் மட்டும் கட்டினால், முதலில் எதிர்ப்பு வரும், அடுத்து வழக்கு வரும், கடைசியில் விதியே தளர்ந்துபோகும்.

விளம்பரப் பலகை விஷயத்தில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. எழில் சாலையாக அறிவிக்கப்பட்ட முக்கிய நெடுஞ்சாலைகளில் புதிய விளம்பரப் பலகை கூடாது என்று அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் சொல்கிறது. 1995-இல் அதில் ஒரு வாசல் திறந்தது: எழில் இல்லாத சாலைத் துண்டுகளை மாநிலங்கள் அறிவிப்பிலிருந்து விலக்கிவைக்கலாம். நியாயமான காரணம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், ஆபத்து எங்கே என்பது தெளிவு. எந்தத் துண்டு விலக்கப்படுகிறதோ அங்கேதான் பலகைகள் வந்து குவியும். புதிதாகத் திட்டம் வகுக்கும் அரசு, விலக்குக்கான அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு எழுதினால் அது விண்ணப்பித்தவரின் அளவுக்கே தைக்கப்படும்.

தடை விதித்துவிட்டு வியாபாரியை மறப்பதும் தவறே. சாலையோர விடுதிக்காரருக்கு வாடிக்கையாளர் வழி கண்டுபிடித்து வந்தாக வேண்டும். வெர்மான்ட் 1968-இல் சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடைசெய்தபோது, அவற்றுக்கு ஈடாக ஒரே அளவும் நிறமும் கொண்ட சிறிய வழிகாட்டிப் பலகைகளை அரசின் பொறுப்பில் ஏற்படுத்தியது. அந்தத் தடை இன்றும் நிலைத்திருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அடுத்தது பராமரிப்பு. இங்கே சாலையைக் கெடுப்பது அலட்சியம் மட்டுமல்ல, அக்கறையும் கெடுக்கும். வளைவை நேராக்குவது, மரத்தை வெட்டி அகலப்படுத்துவது, பழைய கல்சுவரை எடுத்துவிட்டுப் பளபளக்கும் இரும்புத் தடுப்பு வைப்பது எல்லாம் பொறியாளரின் கையேட்டில் முன்னேற்றம். எழில் சாலைக்கு அவையே சேதம். விஸ்கான்சின் 1973-இல் தொடங்கிய கிராமியச் சாலைத் திட்டம் இதை உணர்ந்து வகுக்கப்பட்டது. போக்குவரத்து குறைந்த, இரண்டு மைலாவது நீளமுள்ள உள்ளூர்ச் சாலைகளையே அது ஏற்கிறது. வேக வரம்பு மணிக்கு 45 மைலைத் தாண்டாது. பராமரிப்பு உள்ளூராட்சியின் கையிலேயே இருக்கிறது.

பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஒரேகானில் பழைய கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலையைக் காப்பாற்றும் பொறுப்பை 1987-இல் மாநிலச் சட்டமன்றம் போக்குவரத்துத் துறையிடம் ஒப்படைத்தது. அந்தச் சாலையின் அடையாளமான வெள்ளை மரவேலியை மறுபடி அமைத்தபோது, மரத்துக்குப் பின்னால் எஃகைப் பொருத்தி, மோதலைத் தாங்கும்படி செய்தார்கள். இரண்டு தேவைகளும் ஒரே வேலியில் நிறைவேறின.

சின்ன வேலைகளுக்கும் எழுத்தில் விதி வேண்டும். சாலையோரப் புல்லை எந்த மாதம் வெட்டுவது, சரிந்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதைத் தலைநகரில் இருக்கும் அதிகாரி தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தை ஓட்டுகிற பணியாளர்தான் அந்த நேரத்தில் தீர்மானிக்கிறார். டெக்சாஸில் காட்டுப்பூக்கள் விதை முற்றி உதிரும்வரை புல் வெட்டுவதைத் தள்ளிவைப்பது துறையின் வழக்கம். அந்த ஒரு விதி இல்லையென்றால் வசந்த காலத்தில் அங்கே பார்க்க வருவதற்கு எதுவும் இருக்காது. பிக் சருக்கு கால்டிரான்ஸ் 2004-இல் தனியாக ஒரு நிர்வாகத் திட்டமே வகுத்து, மண்சரிவைக் கையாள்வதற்கும் செடிகொடிகளைப் பேணுவதற்கும் வழிமுறைகளை எழுதிவைத்தது.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கூட்டரசு 1991-இல் எழில் சாலைகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கி நிதியும் கொடுத்தது. 2012-இல் வந்த சட்டத்தோடு அந்தத் தனி நிதி நின்றுபோனது. மேலிருந்து வரும் மானியத்தை மட்டும் நம்பினால் ஆண்டுப் பராமரிப்பு நடுவழியில் நின்றுவிடும். மாநில வரவுசெலவில் அதற்கென ஒரு தலைப்பு இருப்பது அவசியம்.

கூட்டத்துக்குத் தயாராகாததே கடைசித் தவறு, அதுவே வேகமாக வளர்ந்தும் வருகிறது. பிக் சரில் நெடுஞ்சாலை 1-இன் மேல் 1932-இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். விடுமுறை நாட்களில் ஆம்புலன்ஸும் ஊர்க்காரரும் நகர முடியாத நிலை ஏற்படுகிறது. சாலைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே எத்தனை வண்டி நிற்கலாம், கழிப்பறை எங்கே, குப்பையை யார் எடுப்பது, எந்த நேரத்தில் யாருக்கு வழி மறுக்கலாம் என்று முடிவெடுத்தாக வேண்டும். சாலை மூடப்படும் நாளுக்கும் திட்டம் வேண்டும். 2017 மே மாதம் அதே கடற்கரையில் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து நெடுஞ்சாலை 1-ஐப் புதைத்தது. மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. ஓராண்டுக்கும் மேலாக அந்த வழியில் நேரே வந்துபோகும் பயணிகள் இல்லை. அந்தப் பயணிகளை நம்பிக் கடையும் விடுதியும் நடத்துகிறவர்களுக்கு அத்தனை மாதங்களில் யார் எப்படிக் கைகொடுப்பது என்பதையும், சாலையை அறிவிக்கும் ஆணையிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.