பெருவாய் பாஸ் மீனுக்குப் பொய்யிரை, முள், நரம்பு: எதைப் பார்த்து எதை வாங்குவது?

அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள் விற்கும் பெரிய கடைக்குள் முதன்முறை நுழைபவர், சுவர் முழுவதும் தொங்கும் பொய்யிரைகளைக் கண்டு திகைத்துப்போய், கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் நான்கைந்தை அள்ளிக்கொள்வார்; முள்ளையும் நரம்பையும் கைக்கு எட்டியதில் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டு வெளியே வருவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மீன் இரையைத் தொட்டது, கரைக்குத்தான் வரவில்லை. மீனை அழைப்பதோடு பொய்யிரையின் வேலை முடிந்துவிடுகிறது. வந்த மீனைப் பிடித்து நிறுத்துவது முள், கொண்டுவந்து சேர்ப்பது நரம்பு. ஆகவே ஏரியைப் பார்த்துப் பொய்யிரையையும், பொய்யிரையைப் பார்த்து முள்ளையும், முள்ளின் கம்பிப் பருமனைப் பார்த்து நரம்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சாமான்கள் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்காது.

இங்கே பேசப்படுவது நன்னீரில் வாழும் பெருவாய் பாஸ். தமிழ்நாட்டுச் சந்தையில் சீ பாஸ் என்ற பெயரில் விற்கப்படும் கொடுவாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இது வட அமெரிக்காவுக்கே உரிய சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள மீன்தான், இன்றும் உலக சாதனை. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்குச் சமமாக ஏற்கப்பட்டது. ஆனால் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோ மீன்தான். அப்படியிருந்தும் சிலர் 65 பவுண்டு இழுவிசை தாங்கும் நரம்பைக் கட்டுவது மீனின் எடைக்கு அஞ்சி அன்று. முள் பட்டவுடன் அது பாய்ந்து புகுந்துகொள்ளும் பாசிக்கும் மரக்கட்டைக்கும் அஞ்சியே.

எனவே முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். டெக்சஸ் மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஃபோர்க் ஏரியை எடுத்துக்கொள்வோம், 18.18 பவுண்டு எடையுள்ள டெக்சஸ் மாநிலச் சாதனை மீன் 1992-இல் கிடைத்த அணைத்தேக்கம் அது. அணை கட்டியபோது வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. ஓரங்களில் ஹைட்ரில்லா என்னும் பாசிக்கொடி அடர்ந்து கிடக்கிறது. நம் குளங்களில் சாதாரணமாகக் காணப்படும் அதே கொடிதான். 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பரவியது என்பார்கள். படகோட்டிகளுக்கு அது தொல்லை. பாஸுக்கு அது நிழலும் மறைவிடமும் உணவுக்கூடமும். இத்தகைய ஏரியில் எங்கே வீசப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்: பாசிக்குள்ளா, பாசியின் விளிம்பிலா, மரங்களுக்கு நடுவிலா, திறந்த ஆழத்திலா? அடுத்து, ஒரு வெள்ளைப் பொய்யிரையை மெல்ல இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அது கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு அடிக்குள் மறைந்தால் கலங்கல் நீர். நான்கைந்து அடிக்கு மேலும் தெரிந்தால் தெளிந்த நீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொய்யிரை

பொய்யிரைகளில் முதல் இடம் மென்மையான பிளாஸ்டிக் புழுவுக்கே. 1949-இல் ஒஹையோவின் ஆக்ரான் நகரில் நிக் கிரீம் அதை வார்த்தெடுத்தது முதல் இன்றுவரை, தொடங்குபவர்களுக்கு அதைவிட நம்பகமான இரை வேறொன்று வரவில்லை என்பது என் கருத்து. புழுவின் உடலுக்குள் முள்ளின் நுனியை மறைத்து, முன்னால் தோட்டா வடிவக் குண்டு ஒன்றைக் கோத்துவிட்டால், கட்டைக்கும் பாசிக்கும் இடையே சிக்காமல் நழுவி வரும். இதையே டெக்சஸ் ரிக் என்கிறார்கள். குண்டு 3/16 அவுன்ஸிலிருந்து 3/8 அவுன்ஸ் வரை, அதாவது 5 முதல் 10 கிராம் வரை, போதும். டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால் அதே எடையில் சிறிதாக இருக்கும். அடியில் இருப்பது கல்லா சேறா என்பதையும் கைக்குத் தெளிவாகச் சொல்லும். விலைதான் அதிகம். நியூ ஹாம்ப்ஷையர் போன்ற சில மாநிலங்களில் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை இருப்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கட்டைகள் நிறைந்த இடத்தில் அடியோடு தத்தித் தத்தி இழுக்க, முள்ளின் தலையிலேயே குண்டு வார்த்த ஜிக் ஏற்றது. அது, நன்னீரில் வாழும், சிங்கி இறால்போல் தோன்றும் கிரேஃபிஷைப் போலிருக்கும். பாசியின் விளிம்பை ஒட்டி விரைவாகத் தேடிப் பார்க்க, தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் உதவும். கிராங்க்பெய்ட் என்னும் கடினமான இரையில், மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பார்த்தாலே அது எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்லிவிடலாம்: தகடு சிறிதாகவும் கீழ்நோக்கியும் இருந்தால் மேல்மட்டத்தில் நீந்தும், நீளமாக முன்னோக்கி நின்றால் ஆழத்துக்குப் போகும். அடியை இடையிடையே தட்டிச் செல்லும் இரைக்கே பாஸ் கோபத்தோடு பாயும். ஆகவே எட்டடி ஆழமுள்ள இடத்தில் எட்டடியைவிடச் சற்றுக் கூடுதல் ஆழம் போகக்கூடிய இரையையே எடுக்க வேண்டும். தண்ணீர் முழுவதையும் பாசி மூடியிருக்கும் இடத்தில் உள்ளீடற்ற ரப்பர் தவளையைத் தவிர வேறெதுவும் செல்லாது. தமிழ்நாட்டுக் கண்மாய்களில் விராலுக்கு இதே தவளையை வீசிப் பழகியவர்கள் இங்கே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டே வருகிறார்கள்.

பருவத்துக்கேற்ப வேகம் மாற வேண்டும். குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கமே மந்தமாகிவிடுவதால், இரையை நீண்ட நேரம் நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும். நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியசை எட்டும்போது பாஸ் கரையோரம் முட்டையிட வரும். அதற்குச் சில வாரங்கள் முன்பு கிழக்கு டெக்சஸ் ஏரிகளில், முளைத்துவரும் பாசியின் மேல் சிவப்பு நிறத் தகடற்ற கிராங்க்பெய்ட்டை இழுத்து, அது பாசியில் தட்டி விடுபடும் கணத்தில் மீன் கவ்வுவதை எதிர்பார்த்து நிற்பது அங்கே நெடுநாள் வழக்கம். இலையுதிர் காலத்தில் ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன் கூட்டங்களைப் பாஸ் துரத்தும். அப்போது அந்த அளவும் அந்த நிறமும் போதும்.

நிறத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெருவாய் பாஸின் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் உணரும் இரு வகைக் கூம்பு உயிரணுக்களே உள்ளன. கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். எனவே ஒரே புழுவைப் பதினாறு நிறங்களில் வாங்கிச் சேர்ப்பது கடைக்காரருக்கு நன்மை. தெளிந்த நீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது, சிறுமீன் துரத்தும் காலத்துக்கு வெள்ளை: இவற்றோடு ஓராண்டு தாராளமாக ஓட்டலாம்.

முள்

பாஸ் இரையைக் கடித்து இழுப்பதில்லை. பெரிய வாயைச் சட்டென்று திறந்து, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. வாய்க்குள் போனது உணவில்லை என்று பட்டால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள் முள் புழுவின் உடலைக் கிழித்து வெளியே வந்து, மீனின் வாயில் ஏற வேண்டும். முள்ளைப் பற்றி நாம் எடுக்கும் எல்லா முடிவும் இதைப் பொறுத்ததே.

அளவு எண்கள் முதலில் குழப்பும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒன்றைத் தாண்டிய பின் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். ஆறு அங்குல மெல்லிய புழுவுக்கு 3/0, பருத்த உடலும் கைகால்களும் கொண்ட இரைக்கு 4/0, பத்து அங்குலப் புழுவுக்கு 5/0 என்று தொடங்கலாம். எண்ணைவிட முக்கியமானது வாய் அகலம், அதாவது முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. மீன் கவ்வும்போது பிளாஸ்டிக் நசுங்கி அந்த இடைவெளிக்குள் திரண்டுகொள்கிறது. மீனின் தாடைக்கு இடமில்லாமல் போனால் முள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பருத்த இரைக்கு அகன்ற வாய் முள்ளும், மெல்லிய புழுவுக்குச் சாதாரண வளைவு முள்ளும் வேண்டும் என்பது இதனால்தான்.

புழுவைக் கோக்கும்போது முள்ளின் நுனியைத் தலையில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஏற்றி வெளியே எடுத்து, நரம்பு கட்டும் காதுவரை இழுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை உடலின் குறுக்கே செலுத்தித் தோலுக்கு அடியில் மெல்லப் புதைத்து வைக்க வேண்டும். புழு வளையாமல் நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி இரு முனைகளும் துடிக்க விடும் வாக்கி முறைக்கு 1/0 போதும். அடியில் குண்டும் அதற்கு மேலே முள்ளுமாகத் தொங்கவிடும் டிராப் ஷாட்டுக்கு 1 அல்லது 2 எண் முள்ளே பொருத்தம்.

அடுத்தது கம்பியின் பருமன். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. மெல்லிய கம்பி சிறு விசையிலேயே குத்தும். ஆனால் பலமாக இழுத்தால் நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி நிமிராது. ஆனால் அதை மீனின் வாயில் ஏற்றுவதற்குக் கடினமான கோலும் நீளாத நரம்பும் வேண்டும். மெல்லிய கம்பி முள்ளை 50 பவுண்டு பின்னல் நரம்பில் கட்டினால் முள் நிமிரும். தடித்த முள்ளை 8 பவுண்டு நைலானில் கட்டினால் முள் ஏறவே ஏறாது. மீன் தப்பியதற்கு நாம் சொல்லும் காரணங்களில் பாதி இந்தப் பொருத்தமின்மைக்குள் அடங்கிவிடும்.

முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிச் சென்றால் மழுங்கிவிட்டது, மாற்றிவிட வேண்டும். ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல் 24 அங்குலத்துக்குள் இருக்கும் பாஸை மீண்டும் நீரில் விட்டாக வேண்டும் என்பது விதி. விடப்போகும் மீனுக்காக, நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுவது நல்லது. நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் அதனால் மீன் தப்புவது அரிது.

நரம்பு

சந்தையில் மூன்று வகை நரம்புகள் கிடைக்கின்றன. நைலான் நீளும், மெல்ல மூழ்கும், விலை குறைவு; தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதாலும் வெயிலில் நலிவதாலும் ஒரு பருவத்துக்கு மேல் நம்பக் கூடாது. ஃப்ளோரோகார்பன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியானது என்பதால் விரைவாக மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நைலானைவிடத் தண்ணீரின் 1.33-க்கு அருகில் இருப்பதால் தெளிந்த நீரில் குறைவாகவே தெரியும். கல்லில் உரசினாலும் தாங்கும். பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய பிரெய்டு மிதக்கும், ஏறக்குறைய நீளவே நீளாது. 30 பவுண்டு பிரெய்டின் பருமன் ஏறத்தாழ 8 பவுண்டு நைலானின் பருமனே. ஆனால் தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும். கூரான பாறையில் உரசினால் அறுந்துவிடும்.

இந்தத் தன்மைகளை இரையோடு சேர்த்துப் பார்த்தால் தேர்வு தானே வந்துவிடும். ரப்பர் தவளையின் இரட்டை முள் தடித்தது, உடலோடு ஒட்டி மேல்நோக்கி நிற்பது. அதை வாயில் ஏற்றவும் மீனைப் பாசியோடு சேர்த்துப் பெயர்க்கவும் 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு வேண்டும். தண்ணீர் வெடித்தவுடன் இழுக்காமல், மீனின் கனம் கோலில் தெரிந்த பின்பே இழுக்க வேண்டும் என்பதை விரால் பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிராங்க்பெய்ட்டின் கதை இதற்கு நேரெதிர். அதில் தொங்கும் மும்முள் சிறியது, மெல்லியது, வாயின் ஓரத்தில் மேலோட்டமாகவே பிடிக்கும். நீளாத நரம்பால் இழுத்தால் தசையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வளைந்து கொடுக்கும் கோலும் 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளோரோகார்பனும் அங்கே பொருந்தும். நரம்பு மெலிய மெலிய இரை ஆழம் போகும் என்பது கூடுதல் வசதி. மேற்பரப்பில் குமிழியிட்டு வரும் பாப்பர் போன்ற இரைகளுக்கு ஃப்ளோரோகார்பன் ஆகாது, அது மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும், நைலானே சரி. டெக்சஸ் ரிக்குக்கும் ஜிக்குக்கும் 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன். கட்டைகள் மிக நெருக்கமாக இருந்தால் 20. வாக்கி, டிராப் ஷாட் போன்ற மெல்லிய வேலைகளுக்கு ஸ்பின்னிங் ரீலில் 10 அல்லது 15 பவுண்டு பிரெய்டைச் சுற்றி, முனையில் இரண்டு மீட்டர் அளவுக்கு 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனை இரட்டை யூனி முடிச்சால் இணைத்துக்கொள்வது நல்லது.

பிரெய்டை வெற்று ரீலில் நேரடியாகச் சுற்றினால் இழுக்கும்போது மொத்தமும் வழுக்கிச் சுழலும். அடியில் சில மீட்டர் நைலானைச் சுற்றிய பிறகே ஏற்ற வேண்டும். முள்ளைக் கட்டுவதற்குப் பாலோமர் முடிச்சு ஒன்றே போதும்: நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள் முழுவதையும் புகுத்தி எடுத்து, எச்சிலால் நனைத்துவிட்டு மெல்ல இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் ஃப்ளோரோகார்பன் பலம் இழந்துவிடும். முடிச்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், மீன் விழும்போது அறுந்துபோகும். கட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு மீனைப் பிடித்த பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முள்ளை மீண்டும் கட்ட வேண்டும். வெட்டிய துண்டுகள் சட்டைப்பைக்குள் போகட்டும். தண்ணீரில் விட்டால் பறவைகளின் காலில்தான் சுற்றும்.