என்ஜின் பூட்டிய சைக்கிளில் விளக்கு: வெள்ளை வயரைத் தொடும் முன்

சைக்கிளில் பூட்டிக்கொள்ளும் சீன 2 ஸ்ட்ரோக் என்ஜின் கிட்டுகளில், என்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து பெரும்பாலும் மூன்று வயர்கள் வெளியே வரும். நீலமும் கறுப்பும் ஸ்பார்க் பிளக்கில் பொறி விழவைக்கும் சிடிஐ பெட்டிக்குப் போகின்றன. வெள்ளை மட்டும் எதிலும் சேராமல் தொங்கும். "இது லைட்டுக்கு" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் எவ்வளவு பெரிய லைட்டுக்கு என்று யாரும் சொல்வதில்லை. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வெள்ளை வயருக்கென்று உள்ளே தனிக் காயில் (கம்பிச் சுருள்) கிடையாது. பிளக்கில் பொறி விழ மின்சாரம் கொடுக்கும் அதே காயிலிலிருந்துதான் அதுவும் கிளம்புகிறது. கிடைப்பது சுமார் 6 வோல்ட், 3 வாட். பழைய சைக்கிள் டைனமோ தந்த அதே அளவு. இதில் 12 வோல்ட், 35 வாட் பைக் ஹெட்லைட்டை மாட்டினால் பல்பின் இழை லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான். கூடவே பொறியும் பலவீனமாகி என்ஜின் திணறும், நின்றும் போகும்.

அதைவிட மோசம், வெளிச்சம் போதவில்லை என்று நீல வயரில் விளக்கைக் கொடுப்பது. என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்வதே நீல வயரை எர்த்தில், அதாவது என்ஜின் பாடியில், சேர்ப்பதால்தான். அதில் பல்பை மாட்டுவது கில் சுவிட்சைப் பாதி அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம்.

வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், என்பதையும் மறந்துவிடுகிறார்கள். டிசி எல்இடியை நேராகக் கொடுத்தால் மினுக்கும், தலைகீழ் வோல்டேஜில் கெட்டும் போகலாம். சரி, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் நான்கு டையோடுகளின் கூட்டு) போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வேலை தெரிந்தவர்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். காயிலின் ஒரு முனை ஏற்கெனவே என்ஜின் பாடியில் எர்த் ஆகியிருக்கிறது. பைக், கார் வயரிங் செய்த பழக்கத்தில் ரெக்டிஃபையரின் நெகட்டிவையும் ஃபிரேமில் முறுக்கிவிட்டால், பிரிட்ஜில் ஒரு டையோடு பயனற்றுப் போகிறது. ஏசியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் மின்சாரம் இன்னொரு டையோடு வழியாக விளக்குக்கே போகாமல் காயிலுக்குத் திரும்பிவிடும். அதாவது, பாதி நேரம் காயில் ஷார்ட். என்ஜின் ஏன் இருமுகிறது என்று கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கிடைக்காது. ரெக்டிஃபையருக்கு அப்பால் பிளஸ், மைனஸ் இரண்டையும் தனி வயரில் ஓட்டுங்கள். ஃபிரேமில் படவே கூடாது. சாதாரண பிரிட்ஜ் சுமார் 1.4 வோல்ட்டைத் தானே தின்றுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இருப்பதே 6 வோல்ட்தான்.

அப்புறம் வேகம். ஸ்லோவில் நிற்கும்போது விளக்கு மங்கும், ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வோல்டேஜ் ஏறும். டைனமோ சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முன் பல்பு ஃபியூஸ் ஆனால், அதன் பங்கும் சேர்ந்து பாய்ந்து பின் பல்பும் போய்விடும். இங்கேயும் அதே கதைதான்.

என்னைக் கேட்டால் என்ஜினை நம்பியே விளக்கு வைக்கக் கூடாது. இருட்டுச் சாலையில் என்ஜின் நின்றால் அந்த நொடியே முன்னும் பின்னும் விளக்கு அணையும். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மூன்று 18650 லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து, சார்ஜ் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பாதுகாப்பு போர்டோடு ஒரு பேட்டரி பேக் வையுங்கள். 2600 எம்ஏஎச் செல் என்றால் சுமார் 28 வாட்-அவர். 5 வாட் எல்இடி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எரியும். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பேக்கின் பிளஸ்ஸிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இந்த என்ஜினின் அதிர்வில் வெறுமனே முறுக்கிய இணைப்பு நிலைக்காது. வயரை சைலன்சர், செயின் பக்கம் விடாமல் ஃபிரேமோடு இறுக்கிக் கட்டுங்கள்.

வெள்ளை வயரைப் பயன்படுத்தாமல் விட்டாலும் அதன் முனையை டேப் சுற்றி மூடிவிடுங்கள். அது எங்காவது ஃபிரேமில் உரசினால் ஓடும் என்ஜின் அப்படியே நின்றுவிடும்.