அடுக்கு விதிகளில் கை தவறும் இடங்கள்

2³ × 2⁴ எவ்வளவு என்று கேட்டால் ஒரு பிள்ளை 2¹² என்று எழுதும், இன்னொன்று 4⁷ என்று எழுதும். இருவருக்கும் விதி மனப்பாடம்தான். எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்பதில்தான் குழப்பம். நான் நோட்டில் விரித்து எழுதச் சொல்வேன்: (2×2×2) × (2×2×2×2). எண்ணிப் பார்த்தால் ஏழு இரண்டுகள். ஆக 2⁷, அதாவது 128. அடிமானம், அதாவது அடுக்குக்குக் கீழே நிற்கும் 2, மாறவே இல்லை. (2³)⁴ என்றால் மும்மூன்றாக நான்கு கட்டு. 12 வருவது அங்கேதான்.

இப்படி அடுக்கை மேலே சின்னதாக எழுதும் வழக்கம் 1637-இல் வெளியான, பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே டேக்கார்ட்டின் வடிவியல் நூலால் பரவியது. அவரே வர்க்கத்துக்குப் பல இடங்களில் எழுத்தை இரண்டு முறை அடுத்தடுத்துத்தான் எழுதினார். அதனால் விரித்து எழுத யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நடுவில் கூட்டல் குறி இருந்தால் அடுக்குகளைத் தொடக் கூடாது. 2³ + 2⁴ என்பது 8 + 16, வெறும் 24.

அதிகம் மதிப்பெண் போவது அடைப்புக்குறியில். அடுக்கு தன்னை ஒட்டி நிற்பதை மட்டுமே பிடிக்கும். 3க² என்றால் க மட்டும் வர்க்கம். (3க)² என்றால் 9க². அதேபோல் −2⁴ என்பது −16, (−2)⁴ என்பது 16. ஆனால் உள்ளே கூட்டல் இருந்தால் அடுக்கைப் பிரித்துக் கொடுக்க முடியாது. (க + ப)² என்பதை க² + ப² என்று எழுதிவிட்டீர்களா? இரண்டுக்கும் 1 போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2.

அப்புறம், குறை அடுக்கு. 5⁻² என்றதும் −25 என்று கை தானாகப் போகும். 125, 25, 5 என்று இறங்கி வாருங்கள். ஒவ்வொரு படியிலும் 5-ஆல் வகுக்கிறோம். அடுத்தது 5⁰, அது 1. பிறகு 1/5, 1/25. எண் சிறுத்துக்கொண்டே போகிறது, குறை எண்ணாக மாறவில்லை. 3க⁻² என்பதிலும் க மட்டும்தான் கீழே இறங்கும்: 3/க².

சரி, ஒரு கணக்கு. (2க³ப)² × 3க⁻⁴. முதலில் அடைப்பு: 4க⁶ப². பிறகு பெருக்கினால் 12க²ப². பலருக்கு 6க²ப² வரும். சந்தேகமாக இருந்தால் க = 2, ப = 1 என்று போடுங்கள். கேள்வியில் 256 × 3/16 = 48. 12க²ப²-இலும் 48. 6க²ப² மட்டும் 24-இல் நிற்கும். அடைப்புக்குள் இருந்த அந்த 2-ஐ வர்க்கமாக்க மறந்திருக்கிறோம்.