தத்தெடுத்த பிள்ளை ஊருக்கு வரும்போது

வேறு நாட்டில் தத்தெடுத்த பிள்ளையோடு மட்டக்களப்புக்கு வாறீங்களா? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி மணிக்கணக்காகப் பயணம் செய்து வந்த பிள்ளையை, வாசலிலேயே அம்மம்மா, மாமி, பெரியம்மா என்று கைமாற்ற வேண்டாம். முதல் சில கிழமை தூக்குவது, பால் கொடுப்பது, நித்திரையாக்குவது எல்லாம் தாய் தகப்பன் மட்டும்தான். தன்னுடைய ஆட்கள் இவர்கள்தான் என்று பிள்ளைக்கு அப்படித்தான் பிடிபடும்.

சொந்தக்காரருக்கு மனவருத்தம் வரும், அது நியாயமும்தான். வரமுதலே அம்மாவிடம் போனில் விளங்கப்படுத்துங்கள். அவ பக்கத்தில் பாயில் இருந்து தாலாட்டுப் பாடட்டும். அந்தக் குரல் பழகட்டும். பிள்ளை முன்பு பாவித்த போர்வையை உடனே தோய்க்காதீர்கள், பழகிய மணம் பெரிய ஆறுதல். கச்சான் காற்று அனலாய் வீசும் காலமென்றால், ஆட்கள் பின்னேரம் இரண்டிரண்டு பேராக வரட்டும்.

"பெத்த தாய் ஆர்?" என்று பிள்ளைக்கு முன்னால் எவரையும் கேட்க விடாதீர்கள்.