தோட்டத்துக் கல்யாணம்: மண்டபப் பழக்கத்தோடு கேமரா தூக்கினால் எங்கே கெடும்?

மண்டபத்தில் படம் எடுத்துப் பழகியவருக்குத் தோட்டத்துக் கல்யாணம் சுலபமாகத் தோன்றும். கூட்டம் இல்லை, நெரிசல் இல்லை, வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் மண்டபத்தில் நம் தவறுகளை மூடி மறைப்பதே அந்தக் கூட்டமும் கூரையும் மேடை விளக்கும்தான். ஈசிஆர் (சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை) பண்ணை வீட்டிலோ பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலோ முப்பது, நாற்பது பேரோடு நடக்கும் கல்யாணத்தில் இவை எதுவும் துணைக்கு வராது. கெட்டுப்போகும் படங்களில் பாதிக்குமேல் மண்டபப் பழக்கத்தை அப்படியே தோட்டத்துக்குள் கொண்டுவருவதால் கெடுபவை.

இடத்தைச் சாயங்காலம் போய்ப் பார்ப்பது

இடம் பார்க்க எல்லோரும் வசதியான நேரத்தில்தான் போகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். முகூர்த்தம் காலை ஏழரைக்கு என்றால் காலை ஏழரைக்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. மணமக்களை மணையில் கிழக்கு பார்த்து உட்காரவைப்பது வழக்கம். கூரைக்குக் கீழே அதனால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. திறந்த வெளியில் காலை வெயில் நேராக இருவர் முகத்திலும் அடிக்கும். சடங்கு முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள். எதிரே நின்று எடுப்பவரின் நிழல் வேறு மாப்பிள்ளை மடியில் விழும். திசையை மாற்றச் சொல்லிப் பெரியவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம். மணை போடும் இடத்தை மாற்றச் சொல்லலாம்: கிழக்கே வீட்டுச் சுவரோ அடர்ந்த மரமோ வெயிலை மறைக்கிற இடம், தலைக்குமேல் வானம் திறந்திருக்கிற இடம். அதற்கும் வழியில்லை என்றால் வெள்ளை எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டு மூங்கிலுக்கு நடுவே, தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். மணைக்குக் கிழக்கே ஆறேழு அடி தள்ளிக் கட்டினால் போதும். வெளிச்சம் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதியாகக் குறையும், முகத்தில் நிழல் இளகும், கண்ணும் திறக்கும்.

பத்தரைக்கு மேல் முகூர்த்தம் என்றால் சிக்கல் வேறு. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியைவிட்டு அதிகம் விலகாது. வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். மணைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்துவிட்டால் வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறும். விரிப்பது சிவப்பு ஜமுக்காளமாக இருந்தால் முகவாயும் சிவக்கும்.

தென்னை மர நிழலை நம்புவது

கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் தோப்பு கேமராவுக்குப் பெரிய தலைவலி. மட்டைகளுக்கு இடையே இறங்கும் வெயில் திட்டுக்கும் பக்கத்து நிழலுக்கும் மூன்று, நான்கு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். மணப்பெண் நெற்றியில் ஒரு திட்டு, கன்னத்தில் ஒரு கோடு, ஜரிகையில் ஒரு வெடிப்பு. இதை எந்த எடிட்டிங்கும் முழுதாகச் சரிசெய்யாது.

சடங்கு தொடங்கும்போது முகத்தில் திட்டு இல்லை என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். முப்பதடி உயர மட்டையிலிருந்து விழும் திட்டு அந்த நான்கு நிமிடத்தில் தரையில் சுமார் அரையடி தள்ளிப்போகும். வெயில் சாய்ந்திருந்தால் இன்னும் அதிகம். அரை மணி நேரச் சடங்கில் நான்கடி. ஒன்பது மணிக்குப் புரோகிதர் தோளில் இருந்த வெளிச்சம் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் முகத்தில் வந்து உட்காரும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று முந்தின நாளே அதே நேரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்துவிடலாம்.

மாவும் புங்கனும் நல்ல நிழல். வேம்பு பங்குனி வாக்கில் இலை உதிர்த்துத் தளிர்விடும் சமயம் என்பதால் நிழல் மெலிந்திருக்கும். தோப்புதான் வேண்டும் என்று மணமக்கள் பிடிவாதமாக இருந்தால், மணைக்கு மேல் மட்டும் வெள்ளைத் துணிப் பந்தல் போடச் சொல்லுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பந்தல்காரர் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஷாமியானாவையோ, நர்சரிக்குப் போடும் பச்சை நிழல்வலையையோ கட்டிவிட்டுப் போய்விடுவார். நிழல்வலைக்குக் கீழே எல்லோரும் பித்தம் தலைக்கேறியவர்கள் மாதிரி தெரிவார்கள். ‘வெள்ளைத் துணி’ என்று பந்தல்காரரிடமே நேரில் பேசி உறுதி செய்யுங்கள். வீட்டாரிடம் மட்டும் சொன்னால், கல்யாண வீட்டு அலைச்சலில் அது மறந்துபோகும்.

நல்ல நிழல் கிடைத்தாலும் புல்தரையும் இலைகளும் தோலில் பச்சையைப் பூசும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதில் இன்னும் குழப்பும்: சட்டத்தில் அரக்கு நிறக் கூறைப்புடவை நிறைந்தால் ஒரு நிறம், புல்தரை நிறைந்தால் இன்னொரு நிறம். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே முகம் இரண்டு விதமாக இருக்கும். ஒயிட் பேலன்ஸின் கெல்வினை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, பச்சையைக் குறைக்க டின்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். மணையில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு வேலை மிச்சம். பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் ரா கோப்பாக எடுப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பிளாஷை வானத்துக்குத் திருப்புவது

மண்டபத்தில் கை தானாகப் பிளாஷ் தலையை மேலே திருப்பும். அங்கே வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பும். தோட்டத்தில் மேலே கூரை இல்லை. அந்த வெளிச்சம் காகத்துக்குத்தான் போகும். பேட்டரி மட்டும் தீரும். பிளாஷ் வேண்டும் என்றால் கேமராவிலிருந்து பிரித்து, குடையோடு ஸ்டாண்டில், மணைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோவாவது மணல் மூட்டை கட்டாயம். காற்றில் குடை சாய்ந்து ஹோமத்தில் விழுந்தால் கல்யாணத்தில் வேறு எதையும் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நாலரை, ஐந்து மணி பிரம்ம முகூர்த்தத்தில் வேறொரு பொறி இருக்கிறது. சீரியல் செட்டும் மலிவான எல்இடி பல்புகளும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஐயருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 நொடி வைத்து, லென்ஸ் திறப்பை எஃப் 2 அருகே வைத்து, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை போகத் தயங்காதீர்கள். ஜெனரேட்டர் ஓடினால் முதல் பத்துப் படங்களை உடனே பெரிதாக்கிப் பாருங்கள். அதன் மினுக்கல் சரியாக நூறாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வீடியோ லைட்டைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் விடியற்காலைத் தோட்டம் என்று ஒன்று இருந்ததற்கும் படத்தில் அடையாளம் இருக்காது.

மூன்று முடிச்சு

கெட்டிமேளம் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழும்வரை அரை நிமிடம் இருந்தால் அதிகம். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மீதி இரண்டு நாத்தனார் என்பது பல வீடுகளில் வழக்கம். எல்லா வீடுகளிலும் அல்ல. யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதைப் புரோகிதரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ‘இன்னொரு தடவை கட்டுங்கள்’ என்று கேட்பது மட்டும் கூடவே கூடாது.

சின்னக் கல்யாணத்தில் அந்த நேரம் நாற்பது பேரும் எழுந்து மணையைச் சுற்றிக்கொள்வார்கள். தடுத்து நிறுத்த மேடை இல்லை. எல்லோர் கையிலும் அட்சதை. அது பறக்கும்போது ஆட்டோஃபோகஸ் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸை முன்னதாகவே பூட்டி, எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் 1/500க்குக் குறையாமல் வையுங்கள். விடியுமுன் இந்த வேகத்துக்கு வழியில்லை. அட்சதை கோடாக இழுபடட்டும், முகம் தெளிவாக இருந்தால் போதும். எஃப் 1.4ல் எடுத்தால் முடிச்சுப் போடும் விரல் மட்டும் தெளிந்து, மற்றதெல்லாம் மங்கிவிடும். கழுத்தில் கனமான ரோஜா மாலை இருந்தால் தாலியே தெரியாது. மாலையையும் ஜடையையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கத் தோழியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

காற்று ஹோமப் புகையைக் கொண்டுவரும் பக்கம் நிற்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஈசிஆர் பக்கம் அது மட்டும் போதாது. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கடல்காற்று எழுந்து திசை மாறிவிடும். பத்தரை முகூர்த்தத்தில் தொடக்கத்தில் சுகமாக இருந்த இடம் பிற்பகுதியில் புகைக்குள் போய்விடலாம். லென்ஸ் முகப்பில் நெய்ப்புகை படியும். துடைக்கத் துணி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பண்ணை வீட்டு ஏசி அறையில் கேமராவை வைத்திருந்தால் வெளியே வந்ததும் வேர்த்துப்போகும். காற்றுப் புகாத பையில் போட்டு அரை மணி முன்பே வெளியே கொண்டுவந்து வையுங்கள்.

ஆறு பேர் கொண்ட குழு

முப்பது பேர் கல்யாணத்தில் ஆறு பேர் கேமராவோடு திரிந்தால் அது படப்பிடிப்புத்தளம். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு 35 மி.மீ., ஒரு 85 மி.மீ. லென்ஸ் போதும். முழுக் கறுப்பில் உடுத்துவது என்ற வெளிநாட்டு வழக்கம் இங்கே எடுபடாது. முகூர்த்த நேரத்தில் கறுப்புச் சட்டையைக் கண்டால் பாட்டிமார் முகம் சுளிக்கும், அந்தச் சுளிப்பே படத்தில் வரும். மங்கலான சந்தனமோ சாம்பலோ நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், நெருஞ்சி இருக்கிறதா என்று தரையை முதலில் பாருங்கள். டிரோன் மந்திரத்தை அமுக்கும், பூவையும் ஹோமச் சாம்பலையும் கிளப்பும்; வேண்டுமானால் பந்தி நேரத்தில், எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடலாம்.

வந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பேரில் ஒரு சித்தப்பா விடுபட்டால் மன்னிப்பார்கள். முப்பதில் விடுபட்டால் மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்த படத்தைத் தாலி கட்டியதும், இலை போடுமுன் மொட்டை மாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். இலை விழுந்தபின் யாரும் நிற்க மாட்டார்கள்.

வீட்டுக்குத் தெரியாத கல்யாணம்

நான்கைந்து நண்பர்களோடு நடக்கும் கல்யாணங்களில் சடங்கு மிகச் சிறியது. இந்துத் திருமணச் சட்டத்துக்கான 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின் 7ஏ பிரிவுப்படி, சாட்சிகள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் இந்துத் திருமணம் செல்லும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அதில் எதையும் தள்ளிவைக்க முடியாது. மாலை மாற்றும்போது சாட்சிகளின் முகங்களும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு அகலமான படம் கட்டாயம். சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் உண்டு. அந்த மூவரும் கையெழுத்திடுவதைத் தனித்தனியாக எடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் கேமராவை எடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

இங்கே பெரிய தவறு கேமராவில் நடப்பதில்லை, கைபேசியில் நடக்கிறது. அன்றைக்கே ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, இடத்தையும் குறித்துவிடுகிறார்கள். வீட்டு எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்தவர்களுக்கு இது உயிர் போகிற விஷயமாகவும் ஆகலாம். எழுத்தில் அனுமதி வரும்வரை எதையும் போடக் கூடாது. கேமராவிலும் கைபேசியிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடத் தகவல் நீங்கிவிடும்; தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அது அப்படியே போகும். பின்னணியில் வண்டி எண், விடுதிப் பெயர்ப்பலகை, நண்பரின் வீட்டு வாசல் தெரிகிறதா என்று படம் எடுக்கும்போதே பாருங்கள். கடவுச்சொல் இல்லாத கேலரி இணைப்பு வேண்டவே வேண்டாம்.

கோப்புகளை இரண்டு பென்டிரைவில் கொடுங்கள்: ஒன்று மணமக்களுக்கு, மற்றது அவர்கள் ஒப்புதலோடு சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பருக்கு. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிய வேண்டும். அதற்குள் வீட்டார் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாலும் படங்கள் நண்பரிடம் இருக்கும்.